அந்த நல்ல மூன்று வாரங்கள்

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார் டாக்டர். சொல்லப்போனா, கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல அவ்வளவு சந்தோஷமா நான் அவரைப் பார்த்ததே இல்லை."

சொன்னவர் மனைவி. கணவர் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வயது 34. டோம்பிவிலியில் வீடு, மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. இரண்டு வாரமாக அலுவலகம் போகவில்லை. குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார். பள்ளியிலிருந்து வரும் மகள் கையைப் பிடித்து இழுத்தாலும் முகம் திரும்புவதில்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பதைத் தவிர வாயில் வேறு பேச்சில்லை.

இவர் ஒரே ஆள் அல்ல. பல குடும்பங்களில் பார்த்தவற்றை அடையாளம் தெரியாதபடி சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். இப்படிப்பட்டவரை மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்ப ஐந்து நிமிடம் போதும். மாமியாரோ 'கண்ணு பட்டுடுச்சு' என்று ஏற்கனவே முடிவு செய்து திருஷ்டி சுற்றிப் போட்டாகிவிட்டது. ஆனால், மனைவி சொன்ன 'அவ்வளவு சந்தோஷமா' என்பது மனதில் தங்கியது. அந்தச் சந்தோஷம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

மூன்று வாரம் நீடித்ததாம். இரவு ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்துவிடுவார். களைப்பே கிடையாது. விடிவதற்குள் சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கி, துடைத்து, திரும்ப அடுக்கியிருப்பார். காலை லோக்கலில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கலகலவென்று பேசினார். அலுவலகத்தில் மூன்று பேர் வேலையை ஒருவரே செய்து மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கினார். இரவு இரண்டு மணிக்குப் பள்ளித் தோழர்களுக்கு வாட்ஸ்அப்பில் பத்துப் பத்து செய்திகள். பங்குச் சந்தையில் நாலு லட்ச ரூபாய். அதில் இரண்டு லட்சம் மகள் பெயரில் போட்டிருந்த வைப்புத் தொகை. மனைவி ஏன் என்று கேட்டதற்கு, அதுவரை குரல் உயர்த்தாதவர் தட்டைத் தூக்கி எறிந்தார்.

"அதை நீங்க ஒரு வியாதின்னு நினைக்கலையா?"

"சந்தோஷமா இருக்கிறவரை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டு வருவாங்களா?"

நியாயமான கேள்வி. இந்த வாரம் எழுதப்போவதும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஒரு நோய், இரண்டு முகம்

பொங்கும் காலம், அடங்கிக் கிடக்கும் காலம் இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை 1850-களில் பாரிஸில் ஃபால்ரே என்ற மருத்துவர் எடுத்துச் சொன்னார். சுற்றிச் சுற்றி வருவதால் அவர் அதை 'வட்டப் பைத்தியம்' என்று அழைத்தார். ஜெர்மனியின் எமில் கிரேப்லின் 1899-இல் இதற்கு வைத்த பெயர் பித்து-சோர்வு நோய். இதையும் ஸ்கிசோஃப்ரீனியா என்று இன்று நாம் சொல்லும் நோயையும் பிரித்துக் காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. சோர்வு மட்டுமே வருகிறவர்களையும் இரண்டும் வருகிறவர்களையும் 1957-இல் கார்ல் லியோன்ஹார்ட் தனித்தனியாகப் பிரித்தார். அவர் பயன்படுத்திய 'இருதுருவம்' என்ற சொல்தான் 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 'பைபோலார்' என்று இடம்பிடித்தது.

பெயர் இருதுருவம் என்றாலும், வடக்கு தெற்கு என்று இரண்டே புள்ளிகள் இல்லை. நடுவில் பல படிகள் உண்டு. வெண்டைக்காய் பச்சைக்கும் வேப்பிலைப் பச்சைக்கும் நடுவில் எத்தனை பச்சை இருக்கிறதோ அப்படி. அதனால்தான் மருத்துவர்கள் இப்போது இதை ஒரு வரிசையாகப் பார்க்கிறார்கள்.

வரிசையின் ஒரு கோடியில் இருப்பது முதல் வகை. இதில் முழு மேனியா வரும். மனம் அளவுக்கு மீறிப் பொங்குவதோ எரிச்சலில் கொதிப்பதோ, கூடவே உடம்பில் அடங்காத வேகமும் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்துவிட்டால் அந்த ஒரு வாரக் கணக்கும் தேவையில்லை. தூக்கம் தேவைப்படாது. பேச்சு நிற்காது. எண்ணம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வரும். பணம், வாகன வேகம், பாலுறவு ஆகியவற்றில் பின்விளைவு பார்க்காத துணிச்சல் வரும். முற்றினால், பிரதமர் தன்னை அழைத்திருக்கிறார் என்றோ, கடவுள் தன்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார் என்றோ உறுதியாக நம்புவார்கள். நம் வீடுகளில் இதைச் 'சாமி வந்திருக்கு' என்று சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போகும்போது வாரங்கள் வீணாகின்றன. கோயிலுக்குப் போவதில் தவறில்லை. வழியில் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது இரண்டாம் வகை. இங்கே மேல்நிலை மிதமானது. ஹைபோமேனியா என்று பெயர். தொடர்ந்து நாலு நாளாவது இருக்கும். வேலை கெடாது, சில சமயம் வேலை இன்னும் நன்றாகவே நடக்கும். பிரமை இருக்காது. ஆனால், அவரை நன்கு அறிந்தவர்களுக்கு 'இது வழக்கமான ஆள் இல்லை' என்று தெரியும். பிறகு வரும் சோர்வோ, முதல் வகையின் சோர்வுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆகவே இரண்டாம் வகையை 'லேசான வியாதி' என்று எண்ணுவது தவறு. டோம்பிவிலிக்காரர் இந்த வகை.

மூன்றாவது சைக்ளோதைமியா. ஏற்றமும் இறக்கமும் சிறியவை. ஆனால் இரண்டு வருடங்களுக்கு மேலாக விட்டபாடில்லை. 'அவன் குணமே அப்படித்தான்' என்று ஊரே முடிவு கட்டியிருக்கும். இவற்றைத் தவிர, எந்தக் கட்டத்திலும் சரியாகப் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் உடம்பில் வேகமும் மனதில் இருளும் கலந்து வருவது கலப்பு நிலை. சாகவேண்டும் என்ற எண்ணமும், அதைச் செய்யும் சுறுசுறுப்பும் ஒன்றாகச் சேர்வதால் இது அபாயமானது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

எது நோய், எது சுபாவம்?

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். காலையில் கோபம், மாலையில் சிரிப்பு, இது பைபோலார் அல்ல. இப்போதெல்லாம் முகம் சுளித்தவரையெல்லாம் 'அவ பைபோலார்' என்று அலுவலகங்களில் சொல்கிறார்கள். நோயின் ஏற்ற இறக்கம் மணிக்கணக்கில் அல்ல, பெரும்பாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வருவது. ஒரே வருடத்தில் நாலு முறை வந்தாலே அதை 'வேகச் சுழற்சி' என்கிறோம்.

பதவி உயர்வு வந்தால் துள்ளுவதும், தந்தை இறந்தால் ஒடுங்குவதும் மனித இயல்பு. வித்தியாசம் கண்டுபிடிக்கத் தூக்கம் நல்ல அளவுகோல். கவலையில் இருப்பவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் கண் எரியும், உடம்பு சோரும். மேல்நிலையில் இருப்பவருக்குத் தூக்கம் தேவையே இருக்காது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியவரைப் போல் எழுவார். தூக்கம் வராததும் தூக்கம் தேவைப்படாததும் ஒன்றல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

இன்னொன்று, மேல்நிலை என்றால் சிரிப்பும் பாட்டுமாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பலரிடம் அது வெறும் எரிச்சலாக வெளிப்படும். வீட்டில் தட்டு பறக்கும். வேலையை உதறிவிட்டு வந்து நிற்பார்கள்.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும், ஆஸ்துமா, மூட்டுவலி போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டாலும், மது, கஞ்சா போன்ற போதைப் பொருள்களாலும் இதே போன்ற நிலை வரலாம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை கேட்டால், 'மனசுக்கு எதுக்கு ரத்தம்?' என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

மறைந்துபோகும் பாதிக் கதை

அமெரிக்காவில் ஜட் என்ற மருத்துவரின் குழு நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் வாரம் வாரமாகக் கணக்கெடுத்து, 2002, 2003-ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டது. இரண்டாம் வகை நோயாளிகள் தங்கள் வாரங்களில் ஏறத்தாழ பாதியைச் சோர்வில் கழித்தார்கள். ஹைபோமேனியாவில் கழித்தது நூற்றுக்கு ஒரு வாரம்தான். யோசித்துப் பாருங்கள். அவர் மருத்துவரிடம் வருவது சோர்வில்தான். நல்ல வாரங்களைப் பற்றி அவரும் சொல்ல மாட்டார், மருத்துவரும் கேட்க மாட்டார். பாதிக் கதை மறைந்துபோகும். நோய் தொடங்கி, சரியான சிகிச்சை கிடைக்கச் சராசரியாக ஆறு வருடம் ஆகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இதில் வெறும் கால விரயம் மட்டுமல்ல, ஆபத்தும் இருக்கிறது. சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மேல்நிலைக்குத் தூக்கி எறிந்துவிடும். நம் டோம்பிவிலிக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்பு 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லி ஒரு மருத்துவரிடம் இப்படி மாத்திரை வாங்கியிருக்கிறார். ஒரே வாரத்தில் 'பிரமாதமாக' ஆகி, தானே நிறுத்திவிட்டார். அந்தப் பிரமாதமும் நோய்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, சோர்வு என்று மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயங்களைக் கேட்காமலேயே சொல்லுங்கள். தூக்கமே தேவைப்படாமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் எப்போதாவது உண்டா? அந்நாட்களில் பணம் எப்படிச் செலவானது? ரத்த உறவில் யாருக்காவது மனநோய், தற்கொலை, நீண்ட காலக் குடிப்பழக்கம் இருந்ததா? முதல் சோர்வு எந்த வயதில் வந்தது? இருபதை ஒட்டிய வயதிலேயே கடுமையான சோர்வு வந்திருந்தால், அல்லது பிரசவம் ஆன சில வாரங்களில் வந்திருந்தால், மருத்துவர் கூடுதல் கவனம் எடுப்பார். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். மேல்நிலையை அனுபவிப்பவர் நோயாளி. அதை நினைவில் வைத்திருப்பவர் மனைவியோ தாயோதான்.

ஒரு உப்பின் கதை

இந்த நோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து, பூமியில் கிடைக்கும் ஓர் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து திரும்பியவர். மெல்போர்னில் ஒரு மருத்துவமனையில் எளிய வசதிகளுடன் ஆராய்ச்சி செய்தார். லித்தியம் உப்பைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவை அமைதியாயின. தானும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்தார். 1949-இல் முடிவை வெளியிட்டார்.

அவருடைய முதல் நோயாளியின் கதையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருடமாக மேனியாவிலேயே இருந்தவர், சில வாரங்களில் தெளிந்து வீட்டுக்குப் போனார், வேலைக்கும் போனார். நன்றாக ஆகிவிட்டோமே என்று மருந்தை நிறுத்தினார். நோய் திரும்பியது. மறுபடி மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் இல்லாத காலம். 1950-இல் லித்தியம் நச்சாகி அவர் இறந்தார். நிறுத்தினால் நோய், மிஞ்சினால் நஞ்சு. லித்தியம் சிகிச்சையின் முழுப் பாடமும் அந்த ஒருவர் வாழ்க்கையில் இருக்கிறது.

பின்னர் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ முறையான சோதனைகளால் அதன் பலனை நிலைநாட்டினார். அமெரிக்கா 1970-இல் அனுமதித்தது. இன்று ரத்தத்தில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். 1.5-ஐத் தாண்டினால் அபாயம். கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை எச்சரிக்கைகள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

நம் நாட்டு வாழ்க்கைக்கு இதில் தனிக் கவனம் உண்டு. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். உப்பில்லா விரதம், தண்ணீர் குடிக்காத நோன்பு, டெல்லி, நாக்பூர் வெயிலில் அலைச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, எல்லாமே இதில் அடக்கம். தலைவலிக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் அளவை ஏற்றும். விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லித்தியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. வால்புரோயேட் கருவில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்குக் கூடியவரை அதைத் தவிர்க்கிறோம். ஏற்கனவே சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மருந்தை நிறுத்துவது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர், தானே நோயாளியும்கூட. 1995-இல் எழுதிய சுயசரிதையில், தெரிந்தே லித்தியத்தை நிறுத்தியதையும், தற்கொலைக்கு முயன்று பிழைத்ததையும் மறைக்காமல் சொன்னார். அந்த உயரங்கள் அவ்வளவு இனித்தன. படித்தவருக்கே அப்படியென்றால், மற்றவர்களைத் திட்டிப் பயனில்லை. பொறுமையாகப் பேச வேண்டும்.

கல்யாணம், வாரிசு, சட்டம்

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது, 'சொல்லாம கல்யாணம் பண்ணிடலாமா டாக்டர்?' பண்ண வேண்டாம். மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். மாத்திரை நின்றால் தூக்கம் கெடும் கல்யாண வீட்டிலேயே நோய் எட்டிப்பார்க்கும். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்குக் காரணமாக இருப்பது உண்மை. ஆனால், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து வரை. அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை.

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்த நோய் இருப்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்கிறது அது. நோய் முற்றிய வேளையில் எனக்கு இப்படிச் சிகிச்சை செய்யுங்கள், என் சார்பில் இன்னார் முடிவெடுக்கட்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையையும் அது தருகிறது. அவசரத்துக்கு 14416 என்ற இலவச எண்ணில், 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையைக் கூப்பிடலாம். தமிழிலும் பேசுவார்கள்.

டோம்பிவிலிக்காரர் சோர்விலிருந்து மீள மூன்று மாதம் ஆயிற்று. மீண்ட பிறகு ஒரு நாள் கேட்டார்: "இப்போ கொஞ்சம் சந்தோஷமா இருந்தாலே பயமா இருக்கு. இது நானா, நோயான்னு எப்படித் தெரியும்?"

பதில் சொன்னது மனைவி. பால்காரர் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே அவர் தூங்கிய மணிக்கணக்கு பென்சிலில். ஏழு, ஏழு, எட்டு, ஏழு. மகள் பள்ளியில் பரிசு வாங்கிய நாள்கூட ஏழுதான். "அன்னிக்கு ராத்திரி முழுக்க அவகிட்ட அதையே பேசிட்டிருந்தீங்க. ஆனா பதினோரு மணிக்குத் தூங்கிட்டீங்க. அது நீங்க."

போன அக்டோபரில் தொடர்ந்து மூன்று தேதிகளில் நாலு, நாலு, மூன்று என்று விழுந்தபோது அவரே போன் செய்தார். மருந்தைச் சற்று மாற்றினோம். ஏடிஎம் கார்டைக் கணவரே எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பத்து நாளில் அடங்கியது. பணமும் போகவில்லை, வேலையும் போகவில்லை. மகள் பெயரில் வைப்புத் தொகை மறுபடி சேர்ந்துகொண்டிருக்கிறது.